கணக்கு ரீச்சர் எப்படி ஏமாந்தார்?

உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எழுதியிருப்பது இது: வெள்ளவத்தையில் தனியாக இருக்கும் உங்கள் பெரியம்மா, 31 வருடம் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவர், வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்ன ஒருவனுக்கு ஓடிபி இலக்கத்தை, அதாவது வங்கி போனுக்கு அனுப்பும் ஒருதடவை இரகசிய இலக்கத்தை, சொல்லி 4 லட்சத்து 60 ஆயிரம் ரூபாவை இழந்துவிட்டார். இனி இப்படி நடக்காமலிருக்க அவருடைய போனில் எந்த அப்பைப் போடலாம் என்று கேட்கிறீர்கள். எழுதாமல் விட்டது, ஆனால் ஒவ்வொரு வரியிலும் தெரிவது: இவ்வளவு படித்த மனிசிக்கு இது எப்படி விளங்காமல் போனது? அப் பற்றிய பதில் நாலு வரியில் முடிந்துவிடும். அதனால் எழுதாமல் விட்ட கேள்வியையே முதலில் எடுக்கிறேன்.

நான் கொழும்பில் 14 வருடமாகத் தகவல் பாதுகாப்பு வேலை பார்க்கிறேன். அதில் பெரும்பகுதி, நிறுவனங்கள் எழுத்தில் அனுமதி தந்த பிறகு அவற்றின் ஊழியர்களையே ஏமாற்றிப் பார்க்கிற வேலை. இதற்கு சோஷியல் எஞ்சினியரிங் என்று பெயர். சிலர் 'சமூகப் பொறியியல்' என்று தமிழாக்குகிறார்கள். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் நாலு வருடம் படித்து வாங்க வேண்டிய பட்டம் மாதிரி இருக்கும். என் அம்மம்மாவிடம் கேட்டிருந்தால் 'பேய்க்காட்டுறது' என்று ஒரே சொல்லில் முடித்திருப்பார். உங்கள் பெரியம்மாவுக்கு வந்த அழைப்பை நான் கேட்கவில்லை. நீங்கள் எழுதியதையும், இதே மாதிரி அழைப்புகளில் சிக்கியவர்கள் என்னிடம் சொன்னவற்றையும் வைத்துத்தான் எழுதுகிறேன். சட்டத்தில் நான் நிபுணன் இல்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நிச்சயமாகச் சொல்லக்கூடியதிலிருந்து தொடங்கலாம். இந்த வகை மோசடியில் யாரும் வங்கியின் கணினியை உடைப்பதில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே அழைத்தவனோ பக்கத்திலிருக்கும் கூட்டாளியோ வங்கியின் இணையச் சேவையில் உங்கள் பெரியம்மாவின் பெயரால் நுழையப் பார்க்கிறான், அல்லது கடவுச்சொல்லை மாற்றக் கேட்கிறான். வங்கியும் தன் வழக்கப்படி ஓர் இலக்கத்தை அவருடைய போனுக்கு அனுப்புகிறது. அவனோ அதை முதலே சொல்லி வைத்திருப்பான்: "அம்மா, இன்னும் அரை நிமிசத்தில எங்கட வங்கியில இருந்து ஒரு மெசேஜ் வரும், பாருங்கோ." வருகிறது. பென்ஷன் விழும்போது வரும் அதே பெயரில், அதே வரிசையில் வருகிறது. சொன்னது சொன்னபடி நடந்தால் சொன்னவனை நம்பிவிடுவோம். சாத்திரக்காரர்களின் பிழைப்பே இதில்தான் ஓடுகிறது. 'இந்த இலக்கத்தை யாருக்கும் சொல்ல வேண்டாம்' என்று அந்த மெசேஜிலேயே எழுதியிருக்கும். ஆனால் அந்த நேரத்தில் அதை வாசிப்பவருக்கு 'யாருக்கும்' என்றால் வெளியாட்கள். போனில் இருப்பவர் வங்கிக்காரர் அல்லவா? வங்கி அனுப்பிய எச்சரிக்கையே அவனுக்குச் சாட்சி சொல்லிவிடுகிறது.

தன்னுடைய அடையாள அட்டை இலக்கத்தையும் பிறந்த திகதியையும் அவன் பிழையில்லாமல் சொன்னதாகப் பெரியம்மா கூறியிருக்கிறார். அதில் மாயம் எதுவுமில்லை. பழைய அட்டையின் முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்கள் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். 56510 என்று தொடங்கினால் 1956 ஜனவரி 10ஆம் திகதி பிறந்த ஒரு பெண். கணக்கு ரீச்சருக்கு இதைச் சொல்லிக் காட்டுங்கள், உடனே பிடித்துக்கொள்வார். 2016இல் வந்த 12 இலக்க அட்டையில் வருடம் நாலு இலக்கமாக விரிந்ததே தவிர முறை மாறவில்லை. ஆகவே அட்டை இலக்கம் கையில் இருப்பவனுக்குப் பிறந்த திகதி தனியாகத் தேவையில்லை. அட்டை இலக்கம் கிடைப்பதோ கொழும்பில் மிகச் சுலபம். தொடர்மாடி வாசலில் செக்யூரிட்டியின் கொப்பி, போட்டோகொப்பிக் கடை, சிம் வாங்கும் இடம், 2020இல் ஒவ்வொரு கடை வாசலிலும் பெயரும் போன் நம்பரும் எழுதிவிட்டு வந்தோமே அந்தப் பதிவேடுகள். நீங்கள் எழுதும்போது உங்களுக்கு மேலே எழுதிய பத்துப் பேரின் விபரமும் கண்ணுக்கு முன்னால்தானே கிடந்தது. இவனுக்கு எது எங்கிருந்து கிடைத்தது என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் ஒருவன் உங்கள் விபரங்களைத் தெரிந்து வைத்திருப்பது அவன் வங்கிக்காரன் என்பதற்கு ஆதாரமே இல்லை.

அடுத்து எழுதுவது ஆய்வு முடிவு இல்லை, என் கணிப்பு, அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். கொழும்புத் தமிழருக்கு, அதுவும் பெரியம்மாவின் வயதுக்காரருக்கு, இந்த வலையில் இன்னும் இரண்டு முடிச்சுகள் கூடுதலாக இருக்கின்றன. ஒன்று மொழி. வாழ்நாள் முழுக்கக் கவுன்டர்களில் பாதி விளங்கிய சிங்களத்துக்கும் பாதி விளங்கிய ஆங்கிலத்துக்கும் தலையாட்டிப் பழகியவர்கள். போன் எடுத்தால் தமிழுக்கு மூன்றை அழுத்தச் சொல்வார்கள். அழுத்திவிட்டுக் காத்திருந்தால் கடைசியில் வேறு மொழியில் பேசுபவர் வருவார். இப்படியிருக்க, ஒருநாள் வங்கியிலிருந்து ஒரு தம்பி "வணக்கம் அம்மா, சுகமா இருக்கிறீங்களா?" என்று நல்ல தமிழில் கேட்டால் மனம் இளகிவிடும். அந்த நிம்மதி நம்பிக்கையாக மாற ஒரு நிமிடம் போதும். மற்றது அதிகாரத்துக்குப் பதில் சொல்லிப் பழகிய பழக்கம். சோதனைச் சாவடியில் அடையாள அட்டையைக் கேட்டால் 'ஏன்' என்று கேட்காமல் நீட்டியவர்கள். வீட்டுக்கு ஆள் வந்து தங்கினால் பொலிஸ் பதிவுக்கு ஓடியவர்கள். பதில் சொல்லத் தாமதிப்பதே சந்தேகத்தைக் கிளப்பும் என்று அந்தக் காலம் அவர்களுக்குப் படிப்பித்தது. "உங்கட கணக்கில சட்டவிரோதமா ஒரு கொடுக்கல் வாங்கல் நடந்திருக்கு, இப்பவே உறுதிப்படுத்தாட்டி முடக்க வேண்டி வரும்" என்று ஒருவன் சொல்லும்போது, இருபத்தைந்து வயதுப் பிள்ளைக்கு அது வெறும் தொல்லை. பெரியம்மாவுக்கு அதன் பாரம் வேறு.

அறிவுக்கும் இதற்கும் தொடர்பு குறைவு என்று நான் சொல்வதற்குக் காரணம் என்னுடைய வேலைதான். சில வருடங்களுக்கு முன்பு கொள்ளுப்பிட்டியில் ஓர் அலுவலகத்தைச் சோதிக்கப் போனேன். சட்டைப் பையில் அனுமதிக் கடிதம், இரண்டு கையிலும் ஷோட் ஈட்ஸ் பெட்டிகள்: ரோல்ஸ், பற்றிஸ், மீன் கட்லட். அட்டையைத் தட்டினால்தான் திறக்கும் கதவு அது. எனக்கு முன்னால் போன பிள்ளை திரும்பிப் பார்த்துக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் யாரென்று ஒருவரும் கேட்கவில்லை. மீற்றிங் எந்த மாடியில் என்று மட்டும் வழி சொன்னார்கள். அந்தப் பிள்ளை செய்தது தவறா? கை நிறையச் சுமையோடு வருபவரின் முகத்தில் கதவைச் சாத்துகிற ஆளை நாங்கள் நல்ல பிள்ளை என்று சொல்வோமா? அன்று நான் அவருடைய முட்டாள்தனத்தைப் பாவிக்கவில்லை. அவருடைய வளர்ப்பைப் பாவித்தேன். அறிக்கையில் அவருடைய பெயரைப் போடவும் இல்லை. முகாமையாளர் கேட்டார், கொடுக்க மறுத்துவிட்டேன்.

அதே கிழமை, அதே நிறுவனத்தின் கணக்குப் பிரிவுக்குப் போன் எடுத்தேன். அவர்களுக்குப் பொருள் விநியோகிக்கும் ஒரு கம்பனியின் ஆள் என்று சொல்லி, எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இந்த மாதக் கொடுப்பனவைப் புதிய கணக்குக்குப் போடுங்கள் என்றேன். அவசரம் காட்டினேன், டிரெக்டரின் பெயரைச் சொன்னேன், கடைசியில் கொஞ்சம் கோபமும் பட்டேன். மறுபக்கம் இருந்த பெண் துளியும் பதறவில்லை. "குறை நினைக்காதேங்கோ சேர், கணக்கு மாத்திறதெண்டா எங்கட ஃபைலில இருக்கிற நம்பருக்கு நான் எடுத்துக் கேக்க வேணும். டிரெக்டர் சொன்னாலும் இதுதான் முறை" என்றார், வைத்துவிட்டார். பிறகு அவரோடு கதைத்தபோது, என்னில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை என்று தெரிந்தது. உண்மையான ஆள் என்றுதான் நினைத்திருக்கிறார். ஆனாலும் முறையை விடவில்லை. கதவைத் திறந்த பிள்ளையை விட இவர் கெட்டிக்காரி என்று நான் நினைக்கவில்லை. மரியாதைக் குறைவாகத் தோன்றாமல் மறுப்பதற்கு இவருடைய கையில் ஒரு வசனம் இருந்தது. அந்தப் பிள்ளைக்கு யாரும் அப்படி ஒன்றைக் கொடுத்திருக்கவில்லை.

இது சின்ன மனிதர்களுக்கு மட்டும் நடப்பது என்று நினைக்க வேண்டாம். 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் நியூயோர்க் கணக்கிலிருந்து 951 மில்லியன் டொலரை எடுக்க முயன்ற திருட்டு, கொழும்பு வரை நீண்ட கதை. 81 மில்லியன் மணிலாவுக்குப் போய்ச் சூதாட்ட விடுதிகளில் கரைந்தது. 20 மில்லியன் இலங்கைக்கு, இங்குள்ள ஓர் அறக்கட்டளையின் கணக்குக்கு வந்தது. பணம் பெறுபவரின் பெயரில் 'ஃபவுண்டேஷன்' என்ற சொல் 'ஃபண்டேஷன்' என்று எழுத்துப் பிழையோடு இருந்ததால் இடையிலிருந்த வங்கி விளக்கம் கேட்டது, அந்தப் பணம் தப்பியது. எல்லோரும் இந்த எழுத்துப் பிழையைச் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது கதையின் தொடக்கம். அமெரிக்க நீதித்துறை 2018இல் வெளியிட்ட குற்றச்சாட்டின்படி, அதற்கு ஒரு வருடத்துக்கு முன்பே, 2015 ஜனவரியில், வேலை தேடும் ஒருவர் போல அந்த வங்கியின் ஊழியர்களுக்கு மின்னஞ்சல்கள் போயிருக்கின்றன. சுயவிபரக் கோவையைப் பாருங்கள் என்று இணைப்போடு. பணிவாக எழுதி வேலை கேட்பவரின் கடிதத்தைத் திறந்து பார்ப்பது குற்றமா? நேரத்தையும் பாருங்கள். திருட்டு நடந்தது வியாழன் இரவு. பங்களாதேஷில் வெள்ளியும் சனியும் விடுமுறை, நியூயோர்க்கில் சனியும் ஞாயிறும், திங்கட்கிழமை சீனப் புத்தாண்டுக்காக மணிலாவில் விடுமுறை. இங்கேயும் இந்த அழைப்புகள் வெள்ளி பின்னேரத்தில், நீண்ட போயா (பௌர்ணமி) விடுமுறைக்கு முதல்நாள் வருவதைக் கண்டிருக்கிறேன். கேட்டு உறுதிப்படுத்த ஆள் இல்லாத நேரம் அது.

சரி, வகுப்பு வைத்துச் சொல்லிக்கொடுத்தால் மாறிவிடுவார்களா? இந்த இடத்தில் என் தொழில்காரர் பலர் சொல்வதை விடக் குறைவாகத்தான் நான் சொல்வேன். சூரிச்சிலுள்ள ஈ.டி.எச். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு பெரிய நிறுவனத்தின் 14,000க்கு மேற்பட்ட ஊழியர்களை 15 மாதம் கவனித்தார்கள். பொய் மின்னஞ்சலை அழுத்தியவுடன் திரையில் வரும் 'நீங்கள் ஏமாந்துவிட்டீர்கள், இனி இப்படிக் கவனியுங்கள்' என்ற பாடம் அவர்களைக் காப்பாற்றவில்லை. சில இடங்களில் கவனம் குறைந்ததாகவும் தெரிந்தது. ஆனால் சந்தேகமானதைக் கண்டவுடன் ஊழியர்கள் முறையிட ஒரு பட்டன் கொடுத்தது நன்றாக வேலை செய்தது. அது மின்னஞ்சல் பற்றிய ஆய்வு, ஐரோப்பிய அலுவலகம் ஒன்றில் நடந்தது. வெள்ளவத்தையில் தனியாக இருக்கும் ஓய்வு பெற்ற ரீச்சருக்கு எவ்வளவு பொருந்தும் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். என் அனுபவமும் ஏறக்குறைய அதே பக்கம்தான். எப்போதும் விழிப்பாக இரு என்று சொல்வதால் பயனில்லை. ஒருவராலும் எப்போதும் விழிப்பாக இருக்க முடியாது. எனக்கும் ஒரு தடவை, பார்சல் ஒன்றை எதிர்பார்த்துக்கொண்டிருந்த வாரத்தில், முகவரி முழுமையில்லை என்று தபால் திணைக்களத்தின் பெயரில் ஒரு எஸ்எம்எஸ் வந்தது, இணைப்பை அழுத்திவிட்டேன். வங்கி அட்டை இலக்கம் கேட்ட பக்கத்தில்தான் விழித்தேன். இதுதான் என் தொழில்.

இப்போது போனில் என்ன போடலாம் என்ற கேள்வி. யார் அழைக்கிறார் என்று காட்டும் அப்கள் கொஞ்சம் உதவும், ஆனால் அவை உங்கள் தொடர்பு இலக்கங்கள் எல்லாவற்றையும் கேட்கும்; அதோடு புதிய சிம்மிலிருந்து வரும் அழைப்பை அவற்றுக்கும் தெரியாது. அதைவிட, வட்ஸ்அப்பில் இரண்டு படிச் சரிபார்ப்பைப் போட்டு ஓர் இரகசிய இலக்கம் வையுங்கள். தெரிந்தவர் போல வந்து ஆறு இலக்கம் கேட்டுக் கணக்கைப் பறிப்பது இங்கே நிறைய நடக்கிறது. வட்ஸ்அப்பில் வரும் எந்த அப்பையும் நிறுவக் கூடாது, எனிடெஸ்க் போல போனைத் தூரத்திலிருந்து இயக்கும் அப்பை யார் போடச் சொன்னாலும் போடக் கூடாது. வங்கியில் ஒரு நாளைக்கு மாற்றக்கூடிய தொகையைப் பெரியம்மாவின் தேவைக்கு ஏற்ற அளவுக்குக் குறைக்கச் சொல்லுங்கள். அப் எதையும் விட இது பெறுமதியானது.

மிச்சம் ஒரே ஒரு முறைதான். வந்த அழைப்பில் எதையும் முடிப்பதில்லை. வைத்துவிட்டு, வங்கி அட்டையின் பின்பக்கத்திலுள்ள இலக்கத்துக்குத் தானே எடுத்துக் கேட்பது. அழைப்பவன் உண்மையானவனா என்று கண்டுபிடிக்க முயல வேண்டாம் என்று பெரியம்மாவிடம் அழுத்திச் சொல்லுங்கள். அந்தப் போட்டியில் அவன் தினமும் பயிற்சி எடுப்பவன். குரலையும் முகத்தையும்கூட இனி நம்ப முடியாது. 2024இல் வெளிவந்த ஹொங்கொங் சம்பவத்தில், ஆரப் என்ற பொறியியல் நிறுவனத்தின் ஊழியர் ஒருவருக்கு வந்த மின்னஞ்சலில் முதலில் சந்தேகம் வந்திருக்கிறது. பிறகு வீடியோ அழைப்பில் நிதிப் பொறுப்பாளரையும் சக ஊழியர்களையும் கண்டதும் சந்தேகம் தீர்ந்துவிட்டது. அவர்கள் எல்லோரும் கணினி உருவாக்கிய உருவங்கள். போன பணம் 20 கோடி ஹொங்கொங் டொலர். நேருக்கு நேர் மறுப்பது பெரியம்மா போன்றவர்களுக்குக் கஷ்டம் என்பதால் ஒரு வசனத்தை எழுதிப் போனுக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்: "பெறாமகனோட கதைச்சிட்டுத்தான் எதுவும் செய்வன், வையுங்கோ." பழி உங்கள் மேல் விழட்டும். அவருக்கு மரியாதை கெடாமல் வெளியே வர ஒரு வாசல் கிடைக்கும்.

நடந்ததற்கு என்ன செய்வது என்றால், முதலில் வங்கிக்கு எழுத்தில் கொடுங்கள், திகதியும் நேரமும் போட்டு. வங்கிக்கு வங்கி பணம் மாற்றும் சீஃப்ட்ஸ் முறை மூலம் போகும் பணம் உடனுக்குடன் போய்ச் சேர்ந்துவிடும். அங்கிருந்து கொமிசனுக்குத் தங்கள் கணக்கை இரவல் கொடுத்தவர்களின் கணக்குகள் வழியாகக் காசாக வெளியே போய்விடும். ஆகவே முழுவதும் திரும்பும் என்று நம்பிக்கை தர எனக்கு மனமில்லை. ஆனால் ஏதாவது ஒரு கணக்கில் மிச்சம் தங்கியிருந்தால், அதை முடக்க முறைப்பாடு தேவை. பொலிஸில் கொடுங்கள், 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது. தமிழிலேயே கொடுக்க அவருக்கு உரிமை உண்டு. வேறு மொழியில் எழுதினால் விளங்கும்படி வாசித்துக் காட்டும் வரை கையெழுத்து வைக்க வேண்டாம். கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் நிறுவனத்துக்கு 101இல் சொல்லலாம். வங்கி சரியாகப் பதில் தராவிட்டால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவு, 1935. வங்கி நட்டஈடு தர வேண்டுமா என்பதை ஒரு சட்டத்தரணியிடம்தான் கேட்க வேண்டும்.

இதற்கெல்லாம் அந்த அழைப்பு எப்படிப் போனது என்ற விபரம் வேண்டும்: எத்தனை மணிக்கு, என்ன சொன்னான், எந்த இடத்தில் அவசரப்படுத்தினான். அதைப் பெரியம்மாதான் சொல்ல முடியும். "ஏன் சொன்னீங்க?" என்று கேட்டால் வாய் மூடிவிடுவார். "அவன் அடுத்ததா என்ன சொன்னவன்?" என்று கேளுங்கள். இன்றைக்கே கேளுங்கள், ஏனென்றால் இன்னொரு அழைப்பு வரக்கூடும். ஒருமுறை பணம் கொடுத்தவர்களின் இலக்கங்கள் கைமாறும். அடுத்தவன் பொலிஸ் என்றோ, சட்டத்தரணி என்றோ, வங்கியின் மோசடிப் பிரிவு என்றோ வருவான். உங்கள் 4 லட்சத்து 60 ஆயிரமும் கிடைத்துவிட்டது, எடுத்துத் தர ஒரு சின்னக் கட்டணம் இருக்கிறது என்பான். தொகையைச் சரியாகச் சொல்வான். நல்ல தமிழில் சொல்வான்.